மாங்காயும் செனானும்

கேள்வி: எனக்கு ஊர் முதலமடை, பாலக்காடு மாவட்டம். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கிறேன். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றால் எடை பார்க்கிற கருவி என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அதை வைத்து உலோகச் சேர்மத்தில் பிணைப்பு எவ்வளவு பலம் என்று அளக்கிறார்களாமே, எப்படி சார்? வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்டேன், தோழிகள் மலையாளத்தில் சொன்னார்கள், இரண்டிலும் பிடிபடவில்லை.

பதில்: மாந்தோப்புகளுக்குப் பேர்போன முதலமடைக்காரருக்கு இதைச் சொல்ல நான் எதற்கு? சின்ன வயதில் வேலிக்கு வெளியே நின்று மாங்காய்க்குக் கல்லெறிந்திருப்பீர்களே (தோப்புக்காரர் மன்னிக்கட்டும்). மெல்ல எறிந்தால் காய் ஆடும், விழாது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காம்பு அறும். அந்த ஆகக் குறைந்த வேகம் தெரிந்தால் காம்பின் பலம் தெரிந்த மாதிரிதான்.

இங்கே காய்தான் கல்லைத் தேடிப் போகிறது, வித்தியாசம் அவ்வளவே. இரும்பு அயனியில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள், மொத்த நிறை 84. காந்தம் 84-ஐ மட்டும் பொறுக்கி அனுப்பும். அதை நமக்கு வேண்டிய வேகத்துக்கு முடுக்கி, செனான் வாயு துளியளவு இருக்கும் அறைக்குள் விடுவார்கள். மோதியபின் அடுத்த வடிகட்டி எண்ணும்: 84 ஆகவே வந்தது எத்தனை, கார்பன் மோனாக்சைடை உதிர்த்துவிட்டு வெறும் இரும்பாக, 56 ஆக வந்தது எத்தனை. எடை பார்க்கிற வேலை இந்த எண்ணிக்கைக்குத்தான். வேகத்தை மாற்றி மாற்றி இதையே செய்தால், 56 எங்கே தலைகாட்டத் தொடங்குகிறது என்பது தெரியும். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஆர்மென்ட்ராட் குழு பல வருடங்களாகச் செய்கிற வேலை இது. மோதிச் சிதறும் அயனிகள் ஓடிப்போகாதபடி சுற்றிலும் எட்டுக் கம்பிகள் நிறுத்தி மின்புலத்தால் வேலி போட்டிருப்பார்கள்.

செனான் ஏன் என்று கேட்பீர்கள். அது ஒற்றை அணு, எதனோடும் லேசில் சேராது, நல்ல கனம். 10 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) கொடுத்து அயனியை அனுப்பினாலும் அத்தனையும் உடைக்க உதவாது, இரண்டும் சேர்ந்து முன்னால் நகர்வதிலேயே கொஞ்சம் போய்விடும். செனானின் நிறை 131, அதை இரண்டின் கூட்டுத்தொகை 215-ஆல் (131 + 84) வகுத்தால் 0.61, ஆக 10-இல் 6.1 எலெக்ட்ரான் வோல்ட் மிஞ்சும். அதே இடத்தில் ஹீலியம் (நிறை 4) இருந்தால் மிஞ்சுவது 0.45 எலெக்ட்ரான் வோல்ட்தான், கல்லுக்குப் பதில் பஞ்சை எறிந்த கதை.

சரி, ஆற்றலுக்கு எதிரே 56-இன் எண்ணிக்கையை வரைந்த கிராப்பில் கோடு மேலே கிளம்பும் இடத்தைப் பென்சிலால் குறித்தால் வேலை முடிந்ததா? இல்லை, நிறையப் பேர் வழுக்குவது இங்கேதான். காற்றில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் காய் லேசான அடிக்கே விழும். அயனிக்கு உள்ளே இருக்கும் வெப்ப ஆற்றலும் அப்படித்தான், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே காயில் இரண்டு கல் பட்டிருக்கலாம், அதனால் வாயு அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து அளந்து, அழுத்தம் பூஜ்ஜியமானால் என்ன வரும் என்று பார்ப்பார்கள். அப்புறம், பெரிய மூலக்கூறு அடிபட்ட உடனே உடையாது, உடைவதற்குள் கருவியைத் தாண்டிப் போய்விடும். அதைக் கவனிக்காவிட்டால் பிணைப்பு இருப்பதைவிடப் பலமாகத் தெரியும். இத்தனையும் கழித்துக் கூட்டி இரும்பு அயனிக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் வந்த விடை சுமார் 1.6 எலெக்ட்ரான் வோல்ட், மோலுக்கு ஏறக்குறைய 150 கிலோஜூல்.

உங்கள் குடுவைக் கரைசலுக்கு இந்த எண்ணை அப்படியே போட்டுவிடாதீர்கள். இது வெற்றிடத்தில் தனியாகப் பறக்கும் அயனியின் கணக்கு, குடுவையில் சுற்றிலும் கரைப்பான் மூலக்கூறுகள் உலோகத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.