சிலிண்டர் வாடையும் வீடு தேடி வரும் ‘செக்கிங்’ ஆட்களும்

கேள்வி: வேலூர் தோட்டப்பாளையத்தில் இருக்கிறோம். ஒரு மாதமாகக் காலையில் சமையலறைக் கதவைத் திறந்தால் லேசாக காஸ் வாடை வருகிறது. சிலிண்டர் தீரப்போகிற நேரத்தில் அப்படித்தான் வரும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. போன மாதம் ‘காஸ் கம்பெனி செக்கிங்’ என்று இரண்டு பேர் வந்து டியூபை மாற்றிவிட்டு 2,350 ரூபாய் வாங்கிப் போனார்கள். அடுப்பையும் மாற்ற வேண்டும், மறுபடி வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மகள் கேக் செய்ய மின்சார ஓவன் வாங்கி அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். சிலிண்டர் அதே மேடைக்கு அடியில். மாடி அறையை ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம், அவர்களும் அங்கேயே சமைக்கிறார்கள். இதில் எதற்குப் பயப்பட வேண்டும்?

பதில்: அம்மா, வாடைக்குப் பயப்படத்தான் வேண்டும். அதை முதலில் பார்ப்போம், மற்றதெல்லாம் அப்புறம்.

இன்று இரவு படுக்கப் போகும்போது ரெகுலேட்டரை அணையுங்கள். அடுப்பின் திருகை மட்டும் மூடிவிட்டுப் படுப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். அப்படிச் செய்தால் சிலிண்டரிலிருந்து அடுப்பு வரைக்கும் டியூபில் இரவெல்லாம் காஸ் நிற்கும். வழியில் எங்கே ஓட்டை இருந்தாலும் கசியும். ரெகுலேட்டரை அணைத்தால் சிலிண்டர் வாயில் இருக்கும் முள் மேலே வந்து வழியை அடைத்துக்கொள்ளும். அதற்கு மேல் காஸ் வெளியே வரக் கூடாது.

நாளைக் காலை கதவைத் திறந்து பாருங்கள். வாடை இல்லை என்றால் கோளாறு ரெகுலேட்டர் உட்காரும் இடத்தில், டியூபில், இல்லை அடுப்பின் திருகில் இருக்கிறது. அணைத்தும் வாடை வந்தால் சிலிண்டரின் வால்வே சரியில்லை. அப்போது ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரோடு நூலில் கட்டி வந்த வெள்ளை மூடியை ‘டக்’ என்று சத்தம் வரும்படி அழுத்திப் போட்டு, சிலிண்டரைத் திறந்த வெளிக்கு எடுத்துப் போய்விட்டு 1906-ஐக் கூப்பிடுங்கள். காஸ் கசிவுக்கென்றே உள்ள அவசர எண் அது, 24 மணி நேரமும் உண்டு. அந்த மூடியைப் பல வீடுகளில் சிலிண்டர் வந்த அன்றே பிய்த்து எறிந்துவிடுகிறார்கள். உங்களிடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

காலையில் வாடை அடிக்கும்போது லைட்டைப் போடாதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடவே போடாதீர்கள். வாடை வந்ததும் கை தானாகப் போவது அந்த ஸ்விட்சுக்குத்தான், ஸ்விட்சுக்குள் விழும் சின்னப் பொறியே போதும். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தண்ணீர் மாதிரி பரவி மேடைக்கு அடியிலும் அரிசி டிரம்முக்குப் பின்னாலும் தேங்கி நிற்கும். அதனால் ஜன்னலைவிடப் பின்கதவைத் திறப்பதுதான் பலன் தரும். வெயிலுக்கும் கொசுவுக்கும் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் படுப்பது வேலூர்க்காரர்களுக்குப் பழகிப்போனது. சமையலறையில் மட்டும் அது வேண்டாம். மேடைக்கு அடியில் கதவு போட்ட அலமாரிக்குள் சிலிண்டர் இருந்தால் அந்தக் கதவின் அடிப்பக்கத்தில் ஓட்டைகள் போட்டு வையுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதற்கு வருகிறேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்ச உண்மையை நம்பித்தான் பல பேர் நிஜமான கசிவைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், அதனால் இதை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். காஸுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். காஸ் ஆவியாகிற வேகத்தில் அது ஆவியாவதில்லை. சிலிண்டர் தீரத் தீர, அடியில் மிச்சமிருக்கும் திரவத்தில் நாற்றப் பொருளின் பங்கு கூடிக்கொண்டே வரும். அதனால் கடைசி நாட்களில் திருகைத் திறந்து லைட்டரைத் தட்டுவதற்குள் வெளியே வருகிற துளி காஸ்கூட வழக்கத்தைவிட அதிகமாக நாறும். அடுப்பு பற்றிக்கொண்டதும் போய்விடும். அக்கா சொல்வது இந்த வாடையைத்தான்.

இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்த மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். சிலிண்டர் உண்மையிலேயே கடைசி நாட்களில் இருக்க வேண்டும். பற்றவைக்கிற நேரத்தில் மட்டும் வாடை வர வேண்டும். ஓரிரு நிமிடத்தில் போய்விட வேண்டும். நீங்கள் சொல்வது ஒரு மாதமாக வருகிற வாடை. அடுப்பே எரியாத இரவு முழுக்கச் சேர்ந்து காலையில் தெரிகிற வாடை. மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கடைசி நாளில் சிலிண்டரைச் சாய்த்தும் உருட்டியும் எரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அப்போது வரும் வாடையும் இந்தக் கணக்கில் சேராது. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது கசிவு, அம்மா. அப்படி நினைத்தே நடந்துகொள்ளுங்கள்.

எங்கே கசிகிறது என்று பார்ப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பகல் நேரத்தில் கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை அணைத்துக்கொள்ளுங்கள். சாமி மாடம் சமையலறையிலேயே இருந்தால் விளக்கையும் குளிர வைத்துவிடுங்கள். வாடை சுத்தமாகப் போன பிறகு தொடங்கலாம். அரை டம்ளர் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து, ரெகுலேட்டரைத் திறந்து வைத்து, அது சிலிண்டரில் உட்காரும் விளிம்பைச் சுற்றிப் பழைய பிரஷால் நுரையைத் தடவுங்கள். ஒரு நிமிடம் கண் எடுக்காமல் பாருங்கள். கசிவு இருந்தால் நுரை அடங்காது. கடுகளவு குமிழி ஒன்று எழும், பெருக்கும், உடையும், அதே இடத்தில் அடுத்தது எழும். பிறகு டியூபின் இரண்டு முனைகள், டியூப் நெடுக, அடுப்புத் திருகின் அடிப்பாகம். தீக்குச்சி கொளுத்திக் காட்டிப் பார்க்கிற வழக்கம் இன்னமும் இருக்கிறது. அதை உங்கள் வீட்டில் யாரையும் செய்ய விடாதீர்கள்.

ரெகுலேட்டர் விளிம்பில் குமிழி வந்தால் அநேகமாக வாஷர்தான். சிலிண்டர் வாய்க்குள் குனிந்து பார்த்தால் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் வளையம் தெரியும். நல்ல வளையம் மழமழவென்று வட்டமாக இருக்கும். போனது வெயிலில் கிடந்த ரப்பர் பேண்டு மாதிரி வெடித்திருக்கும், இல்லை ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். ஊசியால் நோண்டாதீர்கள். சில ரூபாய்கூடப் பெறாத பொருள் அது. சிலிண்டர் கொண்டு வருகிறவரே பார்த்து மாற்றிக் கொடுக்க வேண்டும், அதற்குக் காசு கிடையாது. புது சிலிண்டரை வாசலில் இறக்கும்போது எடை போட்டு, மூடியைத் திறந்து கசிவு பார்த்துத் தர வேண்டும் என்பதும் விதிதான். உள்ளே இருக்க வேண்டியது 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும், இரண்டையும் கூட்டினால் மொத்த எடை. கைப்பிடி வளையத்தைத் தாங்கி நிற்கும் பட்டை ஒன்றின் உட்புறத்தில் ‘பி-27’ என்கிற மாதிரி ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். எண் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலம் தாண்டிவிட்ட சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

ஆனால் இதையெல்லாம் எந்த வாசலில் பார்க்க முடிகிறது? மே மாத வெயிலில் சிலிண்டரைத் தோளில் தூக்கி மூன்று மாடி ஏறுகிற தம்பிக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. அவரிடம் தராசும் இருக்காது, உதிரி வாஷரும் இருக்காது. கேட்டால் ‘ஏஜென்சியில் சொல்லுங்க’ என்பார். ஏஜென்சியில் கேட்டால் ‘டெலிவரி பையனைக் கேளுங்க’ என்பார்கள். பாதுகாப்பு விதிகளை ஃப்ளெக்ஸ் அடித்து வாசலில் மாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இந்த ஓட்டைக்குள்தான் உங்கள் வீட்டுக்கு வந்த அந்த இரண்டு பேரும் நுழைகிறார்கள்.

அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் தெரியாது, தொழில் தெரியும். குடியாத்தத்தில் ஒரு வீட்டில் காஸ் வாடை என்று என்னைக் கூப்பிட்டார்கள். வயதான அம்மா தனியாக இருந்தார். அதற்கு முந்தைய வாரம் கழுத்தில் அடையாள அட்டை, கையில் பையோடு இரண்டு பேர் வந்து ‘டியூப் தேதி முடிஞ்சு போச்சு’ என்று சொல்லி, பச்சை நிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டி 1,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். போகும்போது பழைய டியூபையும் கையோடு கொண்டு போய்விட்டார்கள். நல்லவேளையாக அதன் பில் அந்த அம்மாவிடம் இருந்தது. முத்திரையுள்ள ஆரஞ்சு டியூப், இன்னும் மூன்று வருடம் தாங்கியிருக்கும். அதை அடுத்த தெருவில் யாருக்கு விற்றார்களோ. பச்சைக் குழாயின் முனை அடுப்புச் சூட்டில் இளகி, விரலால் தொட்டாலே கழன்று வந்தது.

உங்கள் டியூபை இன்றே பாருங்கள். ஆரஞ்சு நிறம், ஐஎஸ்ஐ முத்திரை, ‘சுரக்ஷா’ என்ற பெயர், தயாரித்த மாதமும் ஆண்டும் அதன் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். உள்ளே கம்பி வலை இருப்பதால் எலி எளிதில் கடிக்க முடியாது. ஆயுள் 5 ஆண்டு. நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். ஏஜென்சியில் வாங்கினால் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இவற்றில் எது இல்லை என்றாலும் அவர்கள் மாட்டியதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

ஆய்வு என்று ஒன்று நிஜமாகவே உண்டு. 5 ஆண்டுக்கு ஒருமுறை, உங்கள் ஏஜென்சியின் மெக்கானிக் வந்து செய்வது. அவருக்கு உங்கள் நுகர்வோர் எண் முன்கூட்டியே தெரிந்திருக்கும். அச்சடித்த ரசீது தருவார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து ‘புக்கை எடுங்க, நம்பர் பார்க்கணும்’ என்று கேட்கிறவர் அந்த ஆள் கிடையாது. அவரை வாசலிலேயே நிற்க வைத்து, புக்கில் இருக்கும் ஏஜென்சி எண்ணுக்கு அவர் கண்ணெதிரிலேயே போன் போடுங்கள். அவர் தருகிற எண்ணுக்குப் போடாதீர்கள். இன்சூரன்ஸுக்குப் பணம் கட்டு என்று கேட்டால் சந்தேகமே வேண்டாம், ஏமாற்றுதான். முறையான இணைப்பு உள்ள வீடுகளுக்கு விபத்துக் காப்பீட்டை எண்ணெய் நிறுவனங்களே எடுத்து வைத்திருக்கின்றன, நீங்கள் தனியாக ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை.

அடுப்பை மாற்ற வேண்டாம். சுடர் நீலமாக எரிந்து, திருகு இறுகாமல் திரும்பி, மூடியபின் நுரையில் குமிழி வராமல் இருந்தால் அந்த அடுப்பு இன்னும் பல வருடம் உழைக்கும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னரைக் கழற்றி ஓட்டைகளைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பர்னர் சுத்தத்துக்கும் திருகுக்கு கிரீஸ் வைக்கவும் ஊரில் அடுப்பு ரிப்பேர் கடைகள் இருக்கின்றன.

மாடி அறையைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். தலையிலேயே பர்னர் மாட்டிய குட்டி சிலிண்டரை யாராவது வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டு சிலிண்டரிலிருந்து அதற்குள் கிலோ கணக்கில் மாற்றி நிரப்பி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம். எவ்வளவு நிரம்பியது என்று தெரியாமல் நிரப்புவார்கள், சோதனை தேதி ஒன்றும் இருக்காது. ஒரு லிட்டர் திரவம் கசிந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் காஸ் ஆகிவிடும். அது படிக்கட்டு வழியாக இறங்கி வருவதும் உங்கள் வீட்டுக்குத்தான். இன்றே மேலே ஏறிப் பாருங்கள். எண்ணெய் நிறுவனங்களே முறையாக 5 கிலோ சிலிண்டர் விற்கின்றன, முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள், ஓர் அடையாள அட்டை இருந்தால் போதும். அதை வாங்கச் சொல்லுங்கள், இல்லை நீங்களே ஒரு மின்சார இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஓவன். மகள் கேக் செய்யட்டும், அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். சூட்டை நிலையாக வைக்க ஓவனுக்குள் ஒரு ஸ்விட்ச் தானாகவே போட்டு அணைத்துக்கொண்டிருக்கும், ‘டிக் டிக்’ என்று கேட்கும். ஒவ்வொரு டிக்கிலும் பொறி உண்டு. கசிவு சரியாகும்வரை அதைச் சமையலறையில் போடவே கூடாது. சமையலறையில் ஃப்ரிட்ஜ் இருந்தால் அதுவும் இரவில் தானாக ஓடத் தொடங்கும்போது இதே கதைதான். சரிசெய்த பிறகும் ஓவனைச் சாப்பாட்டு அறைச் சுவரோரம் வையுங்கள், நான்கு பக்கமும் மேலேயும் ஒரு சாண் இடம் விட்டு. 2,000 வாட் ஓவன் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன 6 ஆம்பியர் பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அதைத் தாங்காது. பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில் சொருகுவதற்கு ஓர் அடாப்டர் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. அதை எப்படி விற்க விடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பிளக் தனி வயரில் போடச் சொல்லுங்கள், எர்த் வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் மண் கோடையில் பாளம் பாளமாகக் காய்ந்துவிடும், காய்ந்த மண்ணில் எர்த் சரியாக வேலை செய்யாது. வீட்டுப் பக்கவாட்டில் எர்த் குழி இருக்கும். பங்குனி பிறந்ததிலிருந்து மழை வரும்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை அதில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.