எந்தப் பாவம்?

கேள்வி: ஹாலிவுட் நடிகர் ஹாரி டீன் ஸ்டேன்டன் அறுபது வருடம் சினிமா, டி.வி. என்று நடித்தும் கடைசிவரை துணை நடிகராகவே இருந்துவிட்டாரே, பாவம்! ஒரு ஆஸ்கர் பரிந்துரைகூட அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: எந்தப் பாவம்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று பேர் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறார்கள். செய்தால் நரகம் என்கிற பாவம் ஒன்று. மழையில் எதிர்வீட்டுக்காரருக்கு ஆட்டோ கிடைக்காதபோது ஜன்னல் வழியாக நாம் சொல்லும் பாவம் இரண்டு. 'தாளம் சரி, பாவம் போதவில்லை' என்று நாட்டிய விமர்சகர் எழுதும் பாவம் மூன்று. நான் உதவி ஆசிரியராக இருந்த பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்த பெரியவருக்கு இந்தக் கூட்டுக்குடித்தனம் பிடிக்காது. முதலாவதை 'பாபம்' என்று திருத்துவார். மூன்றாவதற்குப் 'பா'வின் தலையில் பொடி எழுத்தில் ஒரு '4' போடுவார், வடமொழியில் அது நாலாவது 'ப' என்பதற்காக. ஒரு தடவை அந்த 4 தலையிலிருந்து இறங்கி வரிசையில் உட்கார்ந்துவிட்டது. 'நர்த்தகியின் முகத்தில் 4 பாவம் தெரிந்தது' என்று அச்சாகி ஊர் முழுக்கப் போய்விட்டது. அந்த நாலும் எவை என்று வாசகர்கள் கேட்டார்கள். ஒருவர் பட்டியலே போட்டு அனுப்பினார். கொலை, களவு என்று ஆரம்பித்து நர்த்தகியை ஜெயிலுக்கு அனுப்பும் அளவுக்கு இருந்தது. எண்ணை இறக்கியது அச்சுக்கோத்தவர். பழி என் தலையில். பெரியவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. இன்றும் சொல்கிறேன், தமிழனுக்குப் படித்ததுமே எந்தப் பாவம் என்று தெரியும். எண் எல்லாம் வேண்டாம். உங்கள் கேள்வியில்தான் எனக்கே முதல் தடவையாகச் சந்தேகம் வந்திருக்கிறது.

சரி, ஸ்டேன்டன். அவர் மூன்றாவது பாவத்தின் ஆள். 1926-ல் கென்டக்கியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பலில் சமையல்காரராக ஒகினாவா வரை போய் வந்தவர். ஐம்பதுகளில் டி.வி.க்குள் நுழைந்தார். அப்போது அமெரிக்க டி.வி.யில் எங்கே திருப்பினாலும் குதிரைதான். 'கன்ஸ்மோக்', 'ராஹைட்' என்கிற கௌபாய்த் தொடர்களில் வாரத்துக்கு வாரம் ஒரு புது ஆள் ஊருக்குள் வந்து வம்பு செய்தாக வேண்டும். ஒட்டிய கன்னமும் பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரிக் கண்ணும் உள்ளவருக்கு அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை.

அறுபதுகளின் நடுவில் 'ரைட் இன் த வேர்ல்விண்ட்' என்று ஒரு படம். எழுதியவர் ஜாக் நிக்கல்சன், ஸ்டேன்டனோடு ஒரே வீட்டில் குடியிருந்த சிநேகிதர். ஸ்டேன்டனுக்குக் கொள்ளைக்கூட்டத் தலைவன் வேஷம். ஒரு கண்ணுக்கு மறைப்பு, தலையில் தொப்பி. நிக்கல்சன் சொன்ன யோசனை: உடுப்பு நடித்துக்கொள்ளும், நீ ஒன்றும் செய்யாதே. அருணகிரிநாதருக்கு முருகன் சொன்ன அதே 'சும்மா இரு'. ஸ்டேன்டன் அதைச் சாகும்வரை விடவில்லை.

'ஏலியன்' (1979) பார்த்திருப்பீர்கள். அதில் அவர் விண்கலத்தின் என்ஜின் தொழிலாளி பிரெட். கூட்டாளி என்ன சொன்னாலும் 'ரைட்' என்பார். அதைக் குத்திக் காட்டினால் அதற்கும் 'ரைட்'. பிறகு காணாமல்போன பூனையைத் தேடித் தனியாகப் போகிறார். மேலே சங்கிலிகள் தொங்குகின்றன, தண்ணீர் சொட்டுகிறது. அதில் முகத்தைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கிறார், ஷிப்ட் முடிந்த மில் தொழிலாளி குழாயடியில் நிற்பதுபோல. பூதம் வரப்போகிறது என்று நமக்குத் தெரியும். அவருக்கு வேர்வை போகிறது, அவ்வளவுதான். நம் சீரியலில் மாமியாருக்கு அதிர்ச்சி என்றால் காமிரா மூன்று தடவை போய் மூக்கில் இடிக்கும். சீரியலைத் திட்டமாட்டேன் என்று போன இதழில்தான் சத்தியம் செய்தேன். (முதலாம் பாவம்.)

அப்புறம், 'கடைசிவரை துணை நடிகர்' என்பது தவறு. 1984-ல் 'ரெப்போ மேன்', 'பாரிஸ், டெக்சாஸ்' என்று இரண்டு படங்களில் முக்கிய வேஷம். விம் வெண்டர்ஸ் எடுத்த இரண்டாவது படம் கான் விழாவின் முதல் பரிசான தங்கப் பனையை வாங்கியது. அதில் முதல் 20 நிமிடத்துக்குமேல் கதாநாயகன் வாயே திறப்பதில்லை. நம் ஊரில் அதற்குள் அறிமுகப் பாட்டு, ஒரு சண்டை, தங்கைக்கு நிச்சயதார்த்தம் எல்லாம் முடிந்திருக்கும். நாயகனான பிறகும் அவர் சின்ன வேஷங்களை விடவில்லை. 'பிக் லவ்' தொடரில் பலதாரக் கூட்டத்தின் தலைவராக வந்து, அதே தூங்குமூஞ்சியை வைத்துக்கொண்டே வயிற்றைக் கலக்கினார். 2017 செப்டம்பரில் 91 வயதில் இறந்தார். அவர் நாயகனாக நடித்த 'லக்கி' அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து.

விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு விதியே வைத்திருந்தார். ஸ்டேன்டனோ, அவரைப் போன்ற இன்னொரு நடிகர் எம். எம்மெட் வால்ஷோ துணை வேஷத்தில் வரும் படம் முழு மோசமாக இருக்க முடியாது. பிறகு விதிவிலக்கும் உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். எந்த சூப்பர் ஸ்டாரின் பெயரில் இப்படி ஒரு விதி எழுத முடியும்?

ஆஸ்கரா? டேவிட் லிஞ்ச்சின் 'த ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' (1999). பல வருடமாகப் பேசாத அண்ணன் தம்பி. உடம்பு முடியாத ஒருவரைப் பார்க்க, உடம்பு முடியாத இன்னொருவர் புல்வெட்டும் வண்டியிலேயே அயோவாவிலிருந்து விஸ்கான்சின் வரை வருகிறார். படம் முழுக்கப் பயணம். கடைசிக் காட்சியில்தான் வீட்டிலிருப்பவராக ஸ்டேன்டன். வாசலில் உட்கார்ந்து அந்த வண்டியைப் பார்க்கிறார். என்னைப் பார்க்க இதிலா வந்தாய் என்று கேட்கிறார். ஆமாம் என்கிறார் வந்தவர். ஸ்டேன்டன் பதில் பேசுவதில்லை; கண் மட்டும் கலங்குகிறது. இரண்டு பேரும் நட்சத்திரங்களைப் பார்க்கிறார்கள். ஆஸ்கர் பரிந்துரை வண்டியில் வந்தவராக நடித்த ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த்துக்குப் போனது. பல காலம் குதிரையிலிருந்து விழுகிற ஸ்டன்ட் ஆளாக இருந்தவர் அவர். எனக்கு வருத்தமில்லை.

உங்கள் கேள்வியில் 'பாவம்' மேல் எண் ஏதாவது போடட்டுமா என்று இப்போதைய மெய்ப்புக்காரர் கேட்கிறார். நீங்கள் இரண்டாவதைச் சொன்னீர்கள், நான் மூன்றாவதைப் பேசிவிட்டேன். போடாதே என்றிருக்கிறேன்.