வீட்ல காய்ச்சுன பீர்ல கேஸ் நிக்க மாட்டேங்குது, பாட்டில் மூடிய சரியா அடைக்கிறது எப்பிடி?

ரெண்டு வாரம் வச்சும் பாதி பாட்டில் தொறந்தா சத்தமே இல்ல, சப்புன்னு இருக்குன்னு எழுதியிருக்கீங்க. கீழ பதில் சொன்னவங்க எல்லாம் கேஸ் வர்றதுக்காக அடைக்கும்போது போடுற சர்க்கரைய கூட்டுங்கன்னு சொல்லியிருக்காங்க. தயவு செஞ்சு கூட்டிராதீங்க, அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

முதல்லயே சொல்லிருதேன், நீங்க வெளிநாட்டுல இருக்கீங்கன்னு நெனச்சுத்தான் பதில் சொல்றேன். தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்கு சட்டப்படி வீட்ல பீர் காய்ச்சுறது குத்தம், ஊர்ல வச்சு நான் ஒரு சொட்டு காய்ச்சுனது கெடையாது. இங்கிலாந்துல 1963ல இருந்து சொந்த தேவைக்கு காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம், விக்கத்தான் கூடாது. சபைக்கு போற நீ இதெல்லாம் எழுதலாமான்னு கேக்க நெனக்கிறவங்களுக்கும் ஒண்ணு, நான் சொல்றது மூடிய பத்தியாக்கும், குடிய பத்தி இல்ல.

எங்க அப்பா கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல்ங்கிற ஊர் பக்கத்துல சோடா கம்பெனி வச்சிருந்தாரு. கம்பெனின்னா வீட்டுக்கு பொறத்தால ஒரு ஓட்டு சாய்ப்பு, கேஸ் சிலிண்டர், கோலி சோடாவுக்கு ஒரு மெஷின், கலர் பாட்டிலுக்கு மூடி அடிக்க கையால இழுக்குற மெஷின் ஒண்ணு, அவ்வளவுதான். ஏழாங்கிளாஸ்ல இருந்து ஸ்கூல் விட்டு வந்தா மூடி அடிக்கிறது என் வேல. ஆனா அடிக்கிறதுக்கு முன்னால ஒவ்வொரு பாட்டில் வாயிலயும் நகத்த வச்சு ஒரு சுத்து சுத்தணும், எங்கயாவது நகம் தட்டுச்சுன்னா அந்த பாட்டில் தனியா போயிரும். ஏன்னா கடைகள்ல இருந்து திரும்பி வர்ற பாட்டில்ல பாதிய மேச விளிம்புல தட்டித்தான் தொறந்திருப்பாவ, வாயில அரிசி அளவு பேந்திருக்கும், கண்ணுக்கு தெரியாது, கேஸ் மட்டும் அந்த வழியா பைய போயிட்டே இருக்கும். அடிச்ச பெறகு கட்டவிரலால மூடிய திருப்பி பாக்கணும், சுத்துச்சுன்னா கள்ள மூடின்னு சொல்லுவாரு. சந்தேகம் இருந்தா வாளி வெள்ளத்துல தலகீழா முக்கி பாப்பாரு, குமிழ் வந்தா தொறந்து திரும்ப வேற மூடி. ஒருக்கா தொறந்த மூடிய திரும்ப அடிக்கவே விடமாட்டாரு. இந்த வகை தகர மூடிய 1892ல அமெரிக்காவுல வில்லியம் பெயின்டர்னு ஒருத்தரு பேடன்ட் வாங்குனாரு, அப்ப உள்ள கார்க்கு வச்சிருந்தாங்க, இப்ப பிளாஸ்டிக்கு, ஓரத்துல 21 பல்லு. அந்த உள் லைனிங்தான் அடைக்குது, பல்லு அத இறுக்கி பிடிக்க மட்டுந்தான்.

இங்க என் மனைவி நர்ஸ், நானும் கூட வந்துட்டேன். பக்கத்து வீட்டு பெரியவரு பீர் காய்ச்சுவாரு, ஒரு தடவைக்கு 23 லிட்டர், அரை லிட்டர் பாட்டில்ல நாப்பத்தி சொச்சம் வரும். போன வருஷம் அவருக்கும் இதே கததான், பாதி நல்லாருக்கு, பாதி செத்துப்போச்சு. ஈஸ்ட் சரியில்ல, அடுத்த தடவ சர்க்கரைய ரெண்டு மடங்கா போடப்போறேன்னாரு. நான் கேட்டேன், ஈஸ்ட் சரியில்லன்னா எல்லா பாட்டிலும்ல சப்புன்னு இருக்கணும், ஒரே தொட்டியில இருந்து ஊத்துனதுல பாதி மட்டும் எப்பிடி? செத்த பாட்டில எல்லாம் கழுவி வரிசையா வச்சு நகத்த வச்சு பாத்தேன், நாலு வாய் பேந்திருக்கு. மத்ததெல்லாம் கழுத்து வளையம் வேற மாதிரி உள்ள பாட்டில். அவருக்கிட்ட இருந்தது ரெண்டு கைப்பிடி உள்ள மெஷின், அது பாட்டில் கழுத்து வளையத்த பிடிச்சுக்கிட்டுத்தான் மூடிய அமுக்கும், வளையம் பொருந்தலன்னா சரிஞ்சு ஒரு பக்கம் மட்டும் இறுகும். சர்க்கரைய கூட்டியிருந்தா கசியுற பாட்டில் அப்பவும் கசிஞ்சிருக்கும், நல்லா அடைஞ்ச பாட்டில்தான் வெடிச்சிருக்கும். எங்க அப்பா புருவத்துக்கு மேல ஒரு தழும்பு உண்டு, வெயில்ல இருந்த கலர் பாட்டில் ஒண்ணு வெடிச்சதுல வந்தது. அதுக்கு பெறகு நனைஞ்ச சாக்கு மூடாம ஒரு பெட்டியும் எங்க சாய்ப்புல இருந்ததில்ல.

அந்த கம்பெனி இப்ப இல்ல. பாட்டில்ல மண்ணெண்ண ஊத்தி வச்சு திருப்பி தந்த கடைக்காரங்க உண்டு, மாசக்கணக்கா காசு தராம அலைய விட்டவங்க உண்டு, அதெல்லாம் அப்பா தாங்கிட்டாரு. பெறகு பெரிய கம்பெனி ஒண்ணு கடைக்கு கடை ஓசியில ஃபிரிட்ஜ் குடுத்துச்சு, உள்ளூர் கலர் அதுக்குள்ள வைக்கப்பிடாதுன்னு கண்டிஷன். வெயில்ல சூடா கெடக்குற கலர யாரு வாங்குவா. அப்பா அடிச்ச மூடி ஒண்ணுகூட கசிஞ்சதில்ல, தோத்தது ஃபிரிட்ஜுகிட்ட. இங்க சம்பந்தம் இல்லாததுதான், ஆனா சொல்லாம இருக்க முடியல.

உங்க விஷயத்துக்கு வாறேன். எல்லா பாட்டிலும் சப்புன்னா சர்க்கர, ஈஸ்ட், இல்லன்னா குளிர். பாதி மட்டும்னா மூடி. திருகி தொறக்குற மரை வச்ச பாட்டில் வேண்டாம், ஓப்பனர் போட்டு தொறக்குறதே எடுங்க. மூடி 26 மில்லிமீட்டரா 29ஆன்னு வாயோட ஒப்பிட்டு பாருங்க, ஐரோப்பா பாட்டில் சிலது 29. மேல ஒரு இஞ்ச் எடம் விடுங்க. சர்க்கர லிட்டருக்கு 6 கிராம் போதும், ஆனா அதுக்கு முன்னால நொதிச்சு முடியணும், ஹைட்ரோமீட்டர் (பீர்ல சர்க்கர எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்க மிதக்க விடுற கருவி) மூணு நாள் ஒரே அளவு காட்டணும். நொதிக்கிற கள்ள யாரும் இறுக்கி மூட மாட்டாங்கன்னு நம்ம ஊர்ல சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டில்லயும் கொஞ்சம் ஊத்தி மூடி வைங்க, அது கல்லு மாதிரி ஆனா உள்ள கேஸ் ஏறிட்டுன்னு அர்த்தம், கண்ணாடிய தொறந்து பாக்க வேண்டாம். கம்பி கிளிப் பாட்டில்னா ரப்பர் வெடிச்சிருக்கான்னு பாத்து மாத்துங்க.

சப்புன்னு போன பாட்டில்ல ரெண்டு மூணு வாய நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து போடுங்க, என்ன மெஷின்னும் சொல்லுங்க, பாத்துட்டு சொல்றேன்.