டையிலேயே இறங்காத கிரௌன்

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய பல் ஆய்வகம் வைத்திருக்கிறேன். தங்கக் கலவை வார்த்துப் பழகிய பெரியவர் ஒருவரிடம் தொழில் கற்றேன். இப்போது வருவதெல்லாம் நிக்கல்-குரோமியம்தான். வார்த்த கிரௌன் (பல்லின் மேல் மாட்டும் உறை, கேப் என்பார்கள்) டையிலேயே, அதாவது பல்லின் மாதிரி அச்சிலேயே, முழுதாக இறங்குவதில்லை. உட்புறத்தைத் தேய்த்து உட்காரவைத்து அனுப்பினால், ஓரத்தில் இடைவெளி என்று மருத்துவர் திருப்பி அனுப்புகிறார். இன்வெஸ்ட்மென்ட் (மெழுகு வடிவத்தைச் சுற்றி ஊற்றும் அச்சுக் கலவை) திரவத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கிறேன், பெரியவர் சொல்லிக்கொடுத்தபடி. எங்கே தவறு?

பதில்: தம்பி, கடைசியில் நீங்களே சொல்லிவிட்டீர்கள். முதலில் அந்தத் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவேன்.

உருகிய தங்கக் கலவை ஆறும்போது சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும். நிக்கல்-குரோமியம் ஏறத்தாழ 2.3 சதவீதம். இந்தச் சுருக்கத்துக்கு ஈடாகத்தான் இன்வெஸ்ட்மென்ட் விரிந்துகொடுக்கிறது. பாஸ்பேட் வகையில் சிலிக்கா திரவத்தோடு தண்ணீர் சேரச் சேர விரிவு குறையும். உங்கள் பெரியவரின் கணக்கு அவருடைய உலோகத்துக்குச் சரி. உங்கள் உலோகம் வேறு.

8 மி.மீ. அகலமுள்ள கடைவாய்ப்பல் டையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு உலோகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் விட்டுப்போன விரிவு பக்கத்துக்கு 30 மைக்ரான் வரும். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஆனால் பல்லின் சுவர் ஒவ்வொரு பக்கமும் 3 டிகிரிதான் சரிந்திருந்தால், அந்த 30 மைக்ரான் இறுக்கம் கிரௌனை அரை மில்லிமீட்டருக்கு மேல் தூக்கி நிறுத்திவிடும். ஓர இடைவெளி 120 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்று மக்லீனும் ஃபான் ஃப்ரான்ஹோஃபரும் என்ற ஆய்வாளர்கள் 1971-இல் எழுதியதைத்தான் இன்றும் அளவுகோலாகக் கொள்கிறோம். அரை மில்லிமீட்டர் எங்கே, அது எங்கே!

நாளைக்கே ஒன்றை முழுத் திரவத்தில் வார்த்துப் பாருங்கள். தளர்ந்து ஆடினால் அடுத்ததில் கொஞ்சம் தண்ணீர் சேருங்கள். பொடியைத் தராசில் நிறுங்கள், திரவத்தைச் சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். கண்ணளவு வேண்டாம். இன்வெஸ்ட்மென்ட் ஊற்றும் இரும்பு வளையத்துக்குள் லைனர் (மெத்தென்ற உள்தாள்) ஒட்டுகிறீர்களா? அது இல்லாவிட்டால் வளையம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எந்தத் திரவமும் பயன் தராது. டை ஸ்பேசரை (டையின் மேல் பூசும் இடைவெளிப் பூச்சு) ஓரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மேலேயே நிறுத்திவிடுங்கள். சிமென்ட்டுக்கு இடம் வேண்டும். ஓரத்திலோ இடமே இருக்கக் கூடாது. மெழுகு ஓரத்தை டையின் மேலேயே மறுபடி உருக்கிச் சேர்த்து, கழற்றிய கையோடு இன்வெஸ்ட் செய்யுங்கள். சித்திரை வெயிலில் இரவு முழுக்க மேசையில் கிடந்த மெழுகு காலையில் அதே மெழுகு அல்ல.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில், சுவாமிமலையில், ஸ்தபதிகளும் மெழுகை உருக்கி வெளியேற்றித்தான் வார்க்கிறார்கள். சிலை இரண்டு சதவீதம் சிறுத்தால் கருவறையில் யாருக்கும் தெரியாது. நம் வேலை அப்படி இல்லை, ஒரு பல்லின் மேல் போய் உட்கார வேண்டும்.

தேய்ப்பதைப் பற்றி ஒன்று. நான் தொழிலுக்கு வந்த முதல் வருடம் ஒரு கிரௌன் இறங்காமல் நின்றது. பெரிய பர் (சுழன்று தேய்க்கும் முனை) போட்டு உள்சுவர் முழுவதையும் தேய்த்தேன். இறங்கியது, ஆனால் இரண்டு வாரத்தில் கழன்று, பையில் போட்டுத் திரும்பி வந்தது. அப்போதுதான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உள்மூலையில், கடுகில் கால்வாசிகூட இல்லாத ஓர் உலோகக் குமிழ். இன்வெஸ்ட்மென்ட் கலக்கும்போது மெழுகில் ஒட்டிய காற்றுக்குமிழியின் அச்சு அது. சின்ன உருண்டை பர்ரால் அதை மட்டும் எடுத்திருந்தால் போதும், நான் பிடிமானம் முழுவதையும் அரைத்துத் தள்ளியிருந்தேன். அன்றிலிருந்து லென்ஸ் வைக்காமல் எந்த வார்ப்பையும் டையில் வைத்ததில்லை. வெற்றிடக் கலப்பான் வாங்க முடிந்தால் வாங்குங்கள், முடியாவிட்டால் மெழுகின் உட்புறத்தில் இன்வெஸ்ட்மென்ட்டைத் தூரிகையால் பூசிவிட்டு வளையத்தை நிரப்புங்கள்.

கேள்வி: கேப் போட்டு நான்கு நாள் ஆகிறது. கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறது. பழகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை அம்மா, காத்திருக்காதீர்கள். உயரமாக நிற்கும் கேப் பல்லின் வேரை ஒவ்வொரு கடியிலும் குத்துகிறது. மருத்துவரிடம் போய், கடிதாள் (கடித்த இடத்தில் சாயம் பதியும் தாள்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருபக்கப் பற்களுக்கு நடுவே ஃப்ளாஸ் நூல் சற்று இறுக்கமாக நுழைகிறதா, ஓரத்தில் கூர்முனைக் கருவி தட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். கேப் முழுதாக இறங்காமலே சிமென்ட் போட்டிருந்தால், மேலே தேய்த்தால் மட்டும் தீராது. கழற்றி வேறு செய்ய வேண்டும்.