கை இறுகினால் புது கிட்டார் வாங்க வேண்டுமா?

கேள்வி: இரண்டு வருடமாக அக்கூஸ்டிக் கிட்டார் பழகுகிறேன். பீட்டுக்கு நான்கு நோட் வைத்து, டவுன், அப் என்று மாற்றி மாற்றி பிக் (கம்பியை மீட்டுகிற சிறு பிளாஸ்டிக் துண்டு) அடித்தால் மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 பீட் வரை சுகமாகப் போகிறது. 100-ஐத் தாண்டியதும் முழங்கையிலிருந்து தோள் வரை கட்டை மாதிரி இறுகிவிடுகிறது. ‘சாதகம் போதவில்லை, தினம் இரண்டு மணி நேரம் உட்கார்’ என்கிறார் மாஸ்டர். 18,000 ரூபாய்க்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார், மாஸ்டர் என்னை அனுப்பிய கடையின் கடைக்காரர். நான் மன்னார்குடியிலிருந்து தினமும் பைக்கில் தஞ்சாவூர் போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவன். என்ன செய்யலாம்?

பதில்: அந்த 18,000 ரூபாய் அப்படியே இருக்கட்டும், தம்பி. இரண்டு மணி நேர சாதகமும் இப்போதைக்கு வேண்டாம். இறுகிய கையோடு உட்கார்ந்தால் கைக்கு அந்த இறுக்கம்தான் பழகும்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் தண்ணீரை உதறுவீர்கள் இல்லையா? இப்போது ஒரு தடவை உதறிப் பாருங்கள். முழங்கை கிட்டத்தட்ட அசையாது, மணிக்கட்டு மட்டும் விசிறும். மெட்ரோனோம் 120-ல் பீட்டுக்கு நான்கு நோட் என்றால் நொடிக்கு எட்டு நோட். கை நான்கு தடவை கீழே, நான்கு தடவை மேலே போனால் போதும். உதறும்போது அந்த வேகம் தானாகவே வருகிறது. பிக்கைப் பிடித்ததும் எங்கேயோ அதற்குத் தடை விழுகிறது.

முதல் தடை பிடி. நாற்று முடியிலிருந்து இரண்டு நாற்றைப் பிரித்தெடுக்கிற விரலைப் பார்த்திருப்பீர்கள். நழுவவும் விடாது, நசுக்கவும் செய்யாது. பிக்குக்கும் அவ்வளவு அழுத்தம்தான். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டை விரலைச் சும்மா படுக்க விடுங்கள். நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். கம்பிக்குள் நுனி ஆழமாக இறங்கினால் ஒவ்வொரு அடியிலும் மாட்டும், மாட்டுவதை இழுக்க முழங்கை உதவிக்கு வரும், முழங்கை வந்தால் பின்னாலேயே தோளும் வந்துவிடும்.

இரண்டாவது தடை கம்பி மாறுகிற இடம். ஒரே கம்பியில் வேகமாகப் போகிற கை, அடுத்த கம்பிக்குப் போகும்போதுதான் பெரும்பாலும் இறுகுகிறது. டவுனிலும் அப்பிலும் பிக் இரண்டு கம்பிகளுக்கு நடுவிலேயே நின்றால், வெளியே வர ஒரு குட்டிக் குதி குதிக்க வேண்டியிருக்கும். நொடிக்கு எட்டு நோட்டில் அந்தக் குதியைத் தாங்க முன்கை மொத்தமும் விறைத்துக்கொள்ளும். அதனால் அப் அடிக்கும்போது பிக் கம்பிகளை விட்டு மேலே எழும்பி வெளியே வருகிற மாதிரி கையை லேசாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். கம்பிக்கு நான்கு நோட், டவுனில் தொடங்குங்கள். நான்காவது அப். கை ஏற்கெனவே வெளியே இருக்கும், அடுத்த கம்பிக்கு வழி திறந்தே கிடக்கும். கம்பிக்கு மூன்று நோட் என்றால் கடைசி அடி டவுனில் முடிந்து பிக் உள்ளே மாட்டும், அதனால் அந்தப் பயிற்சிகளை இரண்டு மாதம் ஒத்திப்போடுங்கள்.

மெதுவாக ஆரம்பித்து ஐந்து ஐந்தாக ஏற்று என்பார்கள். நோட்டை மனப்பாடம் செய்ய அது சரி. ஆனால் 60-ல் எந்தத் தப்பான அசைவும் சரியாகத்தான் கேட்கும், கை தன் தப்பைக் கண்டுபிடிக்காது. அதனால் 110-ல் ஐந்தே நோட் அடித்து நிறுத்துங்கள். கையைத் தொடையில் போட்டு, மூச்சை விட்டு, மறுபடியும் ஐந்து. தளர்வாக வந்தால் ஒன்பதாக்குங்கள். பத்து நிமிடம் போதும். பைக்கில் வந்து இறங்கியதும் தொடங்காதீர்கள். அவ்வளவு தூரம் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிய அதே கை அது. அரை மணி நேரமாவது கழியட்டும்.

இனி உங்கள் கிட்டார். ஹார்டுவேர் கடையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வாங்குங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அது உதவாது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தலையிலிருந்து ஆறாவது கம்பியின், அதாவது இருப்பதிலேயே தடித்த கம்பியின், அடிப்பக்கம் வரை அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. நான்கு இருந்தால் நீங்கள் கம்பியோடு மல்லுக்கு நிற்கிறீர்கள் என்று அர்த்தம்: இடது கை அழுத்தி அழுத்தி ஓய்கிறது, வலது கையும் சேர்ந்து இறுகுகிறது. நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் உப்பி, பிரிட்ஜ் (கம்பிகளைக் கட்டியிருக்கிற மரத்துண்டு) பக்கம் பலகை மேலெழும். கம்பியும் கூடவே உயரும். பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்குகிற சாடில் என்ற சிறு துண்டின் அடியைத் தேய்த்தால் இது சரியாகும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை ஒரு மில்லிமீட்டர் இறக்க சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். தெரிந்தவரிடம் கொடுங்கள், நீங்களே தேய்க்க வேண்டாம்.

இந்த வேலையைச் செய்து தர வேண்டியவர் விற்ற கடைக்காரர். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கையில் கொடுத்துவிட்டு, கை வலித்தால் அடுத்த கிட்டாரைக் காட்டுகிறார். மாஸ்டர் கடைக்கு ஆள் அனுப்புவதும், கடை மாஸ்டருக்குப் பங்கு கொடுப்பதும் எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஒரு கடை என்னிடமே கேட்டது: ‘சார், மாதம் இரண்டு பிள்ளைகளை அனுப்பினால் போதும்.’ அன்றைக்கு என் வகுப்பில் பாபநாசத்திலிருந்து வருகிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா தோட்டை அடகு வைத்து கிட்டார் வாங்கிக் கொடுத்திருந்தார். கம்பி உயரம் நாலரை மில்லிமீட்டர். அதைப் பார்த்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. கிரேடு தேர்வுக்கு (இசையில் படிப்படியாக எழுதும் தேர்வு) பணம் வசூலிக்கிற இடைத்தரகர்களும் இதே ரகம். கட்டணத்தைத் தேர்வு நடத்துகிறவர்களின் தளத்திலேயே பார்த்து, நேரடியாகக் கட்டுங்கள். எந்த கிரேடு என்று எல்லோரும் கேட்கிறார்கள், கை எப்படி இருக்கிறது என்று கேட்க ஒருவரும் இல்லை.

ஒரு நிலையில் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். இறுக்கம் வேறு, மரத்துப்போவது வேறு. வாசித்து முடித்த பத்து நிமிடத்தில் இறுக்கம் போய்விட்டால் அது பழக்கத்தில் சரியாகிற விஷயம். மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் ஊசி குத்துகிற மாதிரி இருந்தால், முழங்கையின் உள்பக்கமாகப் போகிற நரம்பு அழுந்துகிறதோ என்று பார்க்க வேண்டும். முழங்கை இடித்துக்கொண்டால் சுரீரென்று ஷாக் அடிக்குமே, அதே நரம்பு. முழங்கையை மடக்கியபடி தூங்கினாலும் அது அழுந்தும். கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் மரத்தால் மணிக்கட்டு நரம்பைப் பார்க்க வேண்டும். இரவில் மரத்து எழுப்பினாலும், டம்ளர் நழுவி விழுந்தாலும், விரலுக்குப் பலம் குறைந்தாலும் அன்றோடு கிட்டாரை வைத்துவிடுங்கள். எண்ணெய் தேய்த்து நீவி எடுக்கிறேன் என்பவரிடம் போக வேண்டாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், எந்த விரல், எந்த நேரம் என்று சொல்லுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வாசிப்பதும் கூடாது.

மரப்பு இல்லையென்றால் ஸ்கேலை எடுங்கள். ஆறாவது கம்பியையும் முதல் கம்பியையும் அளந்து, இரண்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள். சாடிலில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.