ஸ்வீடன்காரர்களுக்குச் சிரிக்கத் தெரியுமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உப்சலாவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, ஆய்வுக்கூடத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்ததில்லை, இவர்களுக்கு நகைச்சுவையே கிடையாதா என்று கேட்டிருந்தீர்கள். வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். என் நினைப்பை மாற்றியது நீங்கள் இருக்கும் அதே ஊரில் 1969இல் தொடங்கிய ஒரு ராக் குழு. பெயர் சம்லா மம்மாஸ் மன்னா. 'அம்மாவின் மன்னாவைச் சேகரி' என்று பொருள். மன்னா என்பது பைபிளில் வானத்திலிருந்து விழும் உணவு.

2008இல் ஒருநாள், குடியிருப்பின் பொதுச் சலவை அறையில் மெஷின் நிற்கக் காத்திருந்தேன். வாய் ஏதோ வர்ணத்தை முணுமுணுக்க, கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக என்னிடம் 'ஹேய்' தவிர வேறெதுவும் சொல்லாத பக்கத்து வீட்டுப் பெரியவர், போர்வையைப் பாதி மடித்தபடி நின்றுவிட்டார். "எத்தனை எண்ணுகிறாய்?" என்று கேட்டார். அன்று மாலையே காபிக்குக் கூப்பிட்டு, அந்தக் குழுவின் 1973 இசைத்தட்டான 'மோல்டீட்'டைப் போட்டார். சொல்லுக்குச் 'சாப்பாடு' என்று அர்த்தம்.

கிட்டாரும் கீபோர்டும் பிடிபடாத கணக்கில் ஓடும். நான் விரல் விட்டு எண்ணி எண்ணித் தோற்றேன். அந்த வேகத்தின் நடுவே, வார்த்தையே இல்லாமல் ஒருவர் குழந்தை மாதிரி உச்சக்குரலில் கீச்சிடுவார். கச்சிதமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் செய்யும் குறும்பு அது. பெரியவரைத் திரும்பிப் பார்த்தேன். முகம் கல் மாதிரி இருந்தது, தோள்கள் மட்டும் குலுங்கின. இவர்கள் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று அன்றுதான் கண்டுகொண்டேன்.

மொழி வகுப்புக்குப் போகிறீர்கள் அல்லவா, இதையும் கேளுங்கள். 1976இல் கலைந்த குழு மறுபடி கூடியபோது, பெயரில் இருந்த 'எஸ்'ஸை 'இஸட்' ஆக்கிவிட்டார்கள். ஸ்வீடிஷில் இஸட்டையும் எஸ் போலவே உச்சரிப்பார்கள். எழுத்தில் புதுக்குழு, வாயால் சொன்னால் பழைய குழு! 1978இல் வந்த அவர்களுடைய இசைத்தட்டின் ஒரு பாதிக்குப் பெயர், 'வயதான புதுக் கற்றுக்குட்டிகளுக்கு'. முப்பது வயதுக்கு மேல் இந்த மொழியைப் படித்த எனக்கு அந்தத் தலைப்பு அவ்வளவு பிடிக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். இங்கே 'ப்ரோக்' என்றால் வயதானவர்களுக்கு நினைவு வருவது 70களின் இடதுசாரி இசை இயக்கம். நாம் சொல்லும், சம்லா போன்றோர் வாசித்த சிக்கலான ராக் வகையான ப்ராக்ரெசிவ் ராக் அல்ல. 'அப்பா' (ABBA) என்ற ஸ்வீடன் பாப் குழு 1974இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியை ஜெயித்ததால் மறு வருஷப் போட்டி ஸ்டாக்ஹோமுக்கு வந்தது; இயக்கத்தார் எதிர்ப்பாகத் தனி விழாவே நடத்தினார்கள். அந்தச் சூழலில் வளர்ந்த சம்லாவோ, கோஷத்தைவிட விளையாட்டை நம்பியது. அதற்காக விளையாட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துவிட வேண்டாம். 1978இல் பெரிய கம்பெனிகள் சீண்டாத ஐந்து ஐரோப்பியக் குழுக்கள் லண்டனில் ஒன்றாக மேடையேறின. அதில் இவர்களும் உண்டு.

குழுவின் உயிர்நாடி கீபோர்டும் அக்கார்டியனும் வாசித்த லார்ஸ் ஹொல்மர். தன் ஸ்டூடியோவுக்குக் 'கோழிக்கூடு' என்று பெயர் வைத்திருந்தவர். 2008 கிறிஸ்துமஸ் அன்று அவர் இறந்துபோனார். முன்கூட்டிச் சொல்லாமல் யார் வீட்டுக்கும் போகாத அந்தப் பெரியவர், அந்த வாரம் என் கதவைத் தட்டினார். ஹொல்மரின் 'பூவெஸ் சால்ம்' என்ற அக்கார்டியன் மெட்டை இருவரும் இரண்டு முறை கேட்டோம். அன்று அவர் தோள் குலுங்கியது சிரிப்பால் அல்ல.

'மோல்டீட்'டில் ஆரம்பியுங்கள். 1980இல் வந்த 'ஃபமிலியேஸ்ப்ரிக்கொர்' கொஞ்சம் இருண்டது. முதல் குளிர்காலம் கழியட்டும். நாளை ஃபீக்கா என்கிற காபி இடைவேளையில், உங்கள் கூடத்தில் இருப்பவர்களில் வயதில் மூத்தவரிடம் சம்லாவைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.