42,000 சம்பளத்தில் குடும்ப பட்ஜெட்: மாதக் கணக்கை விடுங்கள், வருடக் கணக்கைப் போடுங்கள்

கேள்வி: கைக்கு வரும் சம்பளம் 42,000. மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், அம்மா, வாடகை வீடு. குடி, சிகரெட் எதுவும் இல்லை. ஆப்பில் தினமும் கணக்கு எழுதியும் 20ஆம் தேதிக்கு மேல் கையில் பணம் நிற்பதில்லை. குடும்ப பட்ஜெட் எப்படிப் போடுவது?

எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. நான் திருச்சி, அதனால் திருச்சி விலைவாசியை வைத்தே சொல்கிறேன். சென்னை என்றால் வாடகையை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள், மற்றதில் பெரிய வித்தியாசம் வராது.

பட்ஜெட் என்று கேட்டாலே பலர் 50-30-20 விதியைச் சொல்வார்கள். தேவைக்குப் பாதி, ஆசைக்கு முப்பது சதவீதம், சேமிப்புக்கு இருபது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வைக்கும் மொய் தேவையா, ஆசையா? அந்த விதியில் அதற்கு இடமே கிடையாது. நம் வீடுகளில் பணம் கரைவது டீயிலும் பஜ்ஜியிலும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு முறை வருகிற பெரிய செலவுகளில்தான். அவை மாத பட்ஜெட்டில் ஏறுவதே இல்லை, "இந்த மாசம் மட்டும் கொஞ்சம் எக்ஸ்ட்ரா" என்ற பெயரில் வந்துவிட்டுப் போகும். எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், வருடத்தில் எட்டு மாதமாவது "இந்த மாசம் மட்டும்"தான்.

அதனால் ஆப்பை மூடிவிட்டு, சுவரில் மாட்டுகிற மாதக் காலண்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு மனைவியுடன் உட்காருங்கள். தமிழ் மாதமும் முகூர்த்த நாளும் போட்ட காலண்டராக இருக்கட்டும். காரணம் இருக்கிறது. கல்யாணச் செலவு ஆங்கில மாதம் பார்த்து வருவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் பத்திரிகை வராது, புரட்டாசியிலும் அநேகமாக வராது. வைகாசி, ஆவணி, தை என்றால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று வரும். இதில் வைகாசிதான் ஆளைக் கொல்லும். அது ஜூன் நடுவரைக்கும் ஓடும், அதே ஜூனில் பள்ளி திறக்கும். ஒரு கையில் பத்திரிகை, மறு கையில் ஃபீஸ் ரசீது. ஜூன் முதல் வாரத்தில் நகைக்கடன் தரும் இடங்களுக்குப் போய்ப் பாருங்கள், பள்ளி ஃபீஸ் கட்ட வளையலோடு வந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியும்.

உங்களைப் போன்ற குடும்பத்துக்கு உத்தேசமாக ஒரு வருடக் கணக்கு போட்டுப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளுக்கும் ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம், ஷூ சேர்த்து 60,000. தீபாவளிக்குத் துணி, பட்டாசு, பலகாரம், வீட்டு வேலைக்கு வருபவருக்குக் கொடுப்பது உட்பட 20,000. மொய்யும் விசேஷங்களும் 24,000. எல்.ஐ.சி. பிரீமியம் 18,000. பொங்கலும் குலதெய்வம் கோயிலுக்குப் போய்வருவதும் 10,000. வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ், எப்போதாவது ஒரு டயர் என்று 6,000. மொத்தம் 1,38,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 11,500.

அப்படியென்றால் உங்கள் சம்பளம் 42,000 இல்லை, 30,500. இந்த எண்ணை மனம் ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும். ஒத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 42,000 என்று நினைத்துச் செலவு செய்கிற வீட்டில் 20ஆம் தேதி பணம் தீர்வதில் என்ன ஆச்சரியம்?

இனி 30,500க்குள் மாதத்தைப் பார்ப்போம். வாடகை 9,000, மளிகை 6,500, காய்கறி பழம் 3,000, பால் 1,400 (ஆவின் நீலப் பாக்கெட் தினம் ஒரு லிட்டர் என்றாலே 1,200 ஆகிவிடும்), கேஸும் கரண்டும் 1,800, பெட்ரோல் 2,500, போனும் நெட்டும் 1,000, பள்ளி வேன் 1,600, அம்மாவின் மருந்து 1,500. கூட்டினால் 28,300. மீதி 2,200. ஞாயிற்றுக்கிழமைக் கறி, முடிவெட்டு, திடீரென்று வரும் காய்ச்சல் எல்லாம் இதற்குள். இழுபறிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இழுக்க வேண்டிய இடம் எது என்று இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் கரண்ட். ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். 500 வரை ஒரு கணக்கு, 500ஐத் தாண்டினால் வேறு கணக்கு. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதலாக வாங்குவார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, 101 முதல் 200 வரை கிடைத்த மலிவு விலையும் சேர்ந்து போய்விடும். 500க்கும் 510க்கும் நடுவே பில்லில் 300 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். ரீடிங் எடுத்த நாளையும் எண்ணையும் அதே காலண்டரில் குறித்து வையுங்கள். நாற்பது நாள் கழித்து மீட்டரைப் பாருங்கள், அதுவரை ஓடிய யூனிட் 350ஐ நெருங்கியிருந்தால் மீதி நாளுக்கு ஏசி வேண்டுமா, ஃபேன் போதுமா என்று வீட்டில் பேசிக்கொள்ளலாம். வீட்டு ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர் என்றால் இந்தப் பத்தி உங்களுக்குப் பயன்படாது.

அடுத்தது ரேஷன். அரிசி கார்டு இருந்தும் "அந்த அரிசி யார் சாப்பிடுவது" என்று கடைப்பக்கமே போகாத வீடுகள் நிறைய. சோற்றுக்கு வேண்டாம் என்றால் இட்லிக்கு ஊறவையுங்கள். அதைக்கூட விடுங்கள், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பருப்பு வெளியே நூறைத் தாண்டித்தான் விற்கிறது. மாதா மாதம் போய் வாங்கினால் மளிகைச் சீட்டில் இரண்டு வரி அடிபடும்.

அம்மாவுக்கு என்ன மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. சர்க்கரை, பிரஷர் என்றால் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். வேறு மாத்திரை என்றால் முதல்வர் மருந்தகத்திலோ மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலோ விலை கேட்டுப் பாருங்கள். டாக்டர் எழுதிய பிராண்டின் மூலப்பெயரை, அதாவது ஜெனரிக் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

காய்கறிக்கு நான் தென்னூர் உழவர் சந்தைக்குப் போவேன், காலையில் சீக்கிரம். அங்கே விலைப்பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும், பேரம் பேசித் தொண்டை வற்ற வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மலிவு என்று மூன்று கிலோ தக்காளி வாங்கி ஒரு கிலோவை அழுகவிட்டால் அது மலிவு இல்லை.

இனி மொய். பெரிய ஓட்டை இதுதான், யாரும் எழுதாததும் இதுதான்.

என் மாமியாருக்குக் கீரமங்கலம் பக்கம். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் ஆடி மாதம் மொய் விருந்து என்றே தனியாக நடக்கும். கல்யாணம் காதுகுத்து எதுவும் இருக்காது, கறிச்சோறு போட்டு மொய் வாங்குவதற்கென்றே விருந்து. அந்த ஊர்க்காரர்களுக்கு மொய் என்பது அன்பளிப்பு இல்லை, வட்டியில்லாக் கடன். மாமியாரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள், உள்ளே முதலில் ஊர், அப்புறம் பெயர், அப்புறம் தொகை. இடதுபக்கம் நமக்கு வந்தது, வலதுபக்கம் நாம் வைத்தது. திருப்பிச் செய்து முடித்த பெயருக்கு எதிரே ஒரு சின்ன டிக். பத்திரிகை வந்ததும் அவர் முதலில் பார்ப்பது முகூர்த்த நேரத்தை இல்லை, இந்த நோட்டைத்தான். "நமக்கு 1,001 வச்சிருக்காங்க, 1,501 வச்சாப் போதும்" என்று தீர்ப்பு வந்துவிடும். கௌரவத்துக்கு, பக்கத்தில் இருப்பவர் வைத்ததைப் பார்த்து வைப்பதெல்லாம் அவரிடம் நடக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் கல்யாண மொய் நோட்டையும் பிள்ளைகளின் காதுகுத்து நோட்டையும் அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள். யார் வீட்டில் இந்த வருடம் விசேஷம் வரும் என்று அம்மாவுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பெயர்களைக் குறித்து, எதிரே திருப்ப வேண்டிய தொகையை எழுதுங்கள். எனக்குத் தெரிந்து இதைச் செய்த வீடுகளில் மொய்ச் செலவு குறைந்ததோ இல்லையோ, "எவ்வளவு வைப்பது" என்று மண்டபத்து வாசலில் புருஷனும் பெண்டாட்டியும் முறைத்துக்கொள்வது நின்றுபோனது. தாய்மாமன் சீர் உங்கள் தலையில் இருந்தால் மட்டும் அதைத் தனியாக வையுங்கள். அது மொய்க் கணக்கில் அடங்காது, சில சமயம் ஒரு வருட மொய்யை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

சரி, 11,500ஐ எங்கே வைப்பது? சம்பளக் கணக்கிலேயே வைத்தால் ஜிபே தின்றுவிடும். வேறு வங்கியில் இரண்டாவது கணக்கு தொடங்கி, அதை எந்த ஆப்பிலும் இணைக்காமல் வையுங்கள். பள்ளி ஃபீஸுக்கு அங்கேயே மாதம் 5,000க்கு ஒரு வருட ஆர்.டி. (மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு), மே மாதம் முடிகிற மாதிரி. தீபாவளிக்குச் சின்னதாக இன்னொன்று. தபால் ஆபீஸ் ஆர்.டி. நல்லதுதான், ஆனால் அது ஐந்து வருடக் கணக்கு, ஜூன் ஃபீஸுக்கு ஒத்துவராது. மீதிப் பணம் கணக்கில் சும்மா கிடக்கட்டும், மொய்க்கும் வண்டிக்கும் எடுக்க வேண்டுமே.

தீபாவளிச் சீட்டு, ஏலச்சீட்டு பற்றிக் கட்டாயம் யாராவது உங்களிடம் பேசுவார்கள். ஏலச்சீட்டு நடத்த 1982ஆம் ஆண்டுச் சிட்ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேட்டால் "நம்ம தெருக்காரங்கதானே" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். என் சொந்தத்திலேயே ஒரு தீபாவளிச் சீட்டில் போட்ட பணம் திரும்ப வரவில்லை, வெள்ளிக்காசும் பட்டாசுப் பெட்டியும் தருவதாகச் சொன்னவர் ஐப்பசி பிறக்கும் முன்பே வீட்டைக் காலி செய்துவிட்டார். நகைச்சீட்டு வேறு ரகம். பதினொரு மாதம் கட்டினால் செய்கூலி சேதாரத்தில் சலுகை கிடைக்கும். நகை வாங்கியே ஆக வேண்டும் என்ற வீட்டுக்கு அது சரி. ஆனால் ஆத்திர அவசரத்துக்கு அந்தப் பணம் பணமாகத் திரும்பி வராது, அதனால் சேமிப்பு என்று அதை எண்ணாதீர்கள்.

தினமும் கணக்கு எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். மூன்று மாதம் எழுதினால் போதும், அதற்குள் வீட்டின் போக்கு தெரிந்துவிடும். அப்புறமும் எழுதிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் கணக்கு எழுதுவது சண்டை போடுவதற்கு ஆதாரம் சேர்ப்பதாக மாறும். மளிகைக்கும் காய்க்கும் வாரா வாரம் ரொக்கமாக எடுத்து மனைவி கையில் கொடுங்கள், அதற்குக் கணக்குக் கேட்காதீர்கள். மிச்சம் பிடித்தால் அது அவருடையது. இதில் பேரம் வேண்டாம். உங்கள் சம்பளம் எவ்வளவு, வருடச் செலவு எவ்வளவு என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சம்பளத்தை மறைத்துவிட்டுச் செலவைக் குறை என்று சொன்னால் யாரும் குறைக்கமாட்டார்கள்.

இதைத் தொடங்கும்போது ஒரு சிக்கல் வரும். முதல் வருடம் அந்த இரண்டாவது கணக்கு காலியாக இருக்கும், செலவு அதற்குள் வந்து நிற்கும். ஜூலையில் தொடங்கினீர்கள் என்றால் தீபாவளிக்கு மூன்று நான்கு மாதம்தான். அதனால் முதல் வருடத்துக்கு மட்டும் பன்னிரண்டால் வகுக்காதீர்கள். காலண்டரில் அடுத்து வருவது எது, அதற்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று பார்த்து வகுங்கள். தொகை அதிகமாக வந்தால் அந்தத் தீபாவளியைச் சின்னதாக்குங்கள், பிள்ளைகளுக்கு மட்டும் துணி எடுங்கள், கடன் அட்டையைத் தொடாதீர்கள். போனஸ் வந்தால் தீபாவளிக் கடைக்குப் போகாமல் நேராக இரண்டாவது கணக்குக்குப் போகட்டும். அடுத்த ஜூன் ஃபீஸுக்கு அதுதான் முதல் தவணை.

பள்ளியில் மொத்தமாகக் கட்டச் சொன்னால் டெர்ம் டெர்மாகக் கட்டலாமா என்று அலுவலகத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். பல பள்ளிகளில் ஒத்துக்கொள்கிறார்கள், கேட்பவர்களுக்கு மட்டும்.